தவறும்போது வரும் திரை

புதுமையான டிஜிட்டல் திட்டம் எதில் சேர்ந்தாலும் முதல் வாரத்தில் ஒரு டெமோ காட்டுவார்கள். தமிழில் கேட்டால் பதில் சொல்லும் சேவை, முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் செயலி, இலையின் படத்தை வைத்து நோயைச் சொல்லும் மென்பொருள் என்று எதுவாக இருந்தாலும் டெமோவில் அது வேலை செய்யும். பேசுகிறவர் தெளிவாகப் பேசுவார், சிக்னல் போகாது, வெளிச்சம் சரியாக விழும். சென்னையில் யூஎக்ஸ் டிசைனராகப் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட திட்டங்களில் வேலை பார்த்தபின் நான் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு. டெமோவில் காட்டாத பகுதியில்தான் நம் வேலை இருக்கிறது. கருவி தப்பாகக் கேட்டுக்கொண்டால், பணம் பாதி வழியில் நின்றால், பதில் வரத் தாமதமானால், அந்த நேரத்தில் பயன்படுத்துகிறவர் முன்னால் என்ன திரை இருக்கும்? காதில் என்ன குரல் கேட்கும்? பொறியாளர்கள் கருவியை ஓட வைப்பதில் மும்முரமாக இருப்பார்கள். அவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். அது ஓடாத நேரத்தைப் பற்றி யோசிப்பதற்கென்றே அந்த அறையில் ஒருவர் வேண்டும்.

ஒரு திட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காவிரி டெல்டாவில் நெல் விவசாயிகளுக்கான தொலைபேசிக் குரல் சேவை அது. ஸ்மார்ட்போன் தேவையில்லை. பட்டன் போனிலிருந்து ஒரு எண்ணை அழைத்துப் பயிரைப் பற்றிக் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் ஒரு மொழி மாதிரியும் பின்னால் வேலை செய்யும். அழைப்பவர் இதைக் கேட்டால் இந்தப் பதில், அதைக் கேட்டால் அந்தப் பதில் என்று உரையாடலை வரைந்து தருவதுதான் என்னிடம் கேட்கப்பட்டது. வரையத் தொடங்குமுன் நான் எப்போதும் செய்யும் ஒரு காரியம் உண்டு. நம் கருவி இல்லாத இன்றைக்கு அந்த வேலை எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்ப்பேன்.

திருவாரூர்ப் பக்கத்தில் அது உரக்கடையில் நடக்கிறது. குருத்து காய்ந்த தூரைப் பிடுங்கிக்கொண்டு விவசாயி கடைக்கு வருகிறார். கடைக்காரர் அதை வாங்கிப் பிரித்துப் பார்க்கிறார், இரண்டு கேள்வி கேட்கிறார், மருந்தை எடுத்து வைக்கிறார். பணம் அறுவடைக்குப் பிறகு. மத்திய அரசின் கிசான் கால் சென்டர் 2004 முதல் இருக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலும் ஆலோசனை சொல்கிறார்கள். அது தெரிந்தவர்களும் கடைக்குத்தான் வந்தார்கள். கடனுக்குக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். பயிரைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார் என்பது இன்னொன்று. அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு. மருந்து கேட்கவில்லை என்றால் மறுவாரம் அதே கடையில் போய் நின்று கேட்கலாம். சொன்ன ஆள் அங்கேயே இருப்பார்.

எங்கள் வடிவமைப்பையே இந்தக் கடைசிக் காரணம் மாற்றியது. பதில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்பதோடு, தவறினால் யாரிடம் போவது என்பதையும் சேவை சொல்லியாக வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் ஒரு வேளாண் ஆலோசகரின் பெயரைச் சொல்லி, ‘சரியாகவில்லை என்றால் ஒன்றை அழுத்துங்கள், இவரே கூப்பிடுவார்’ என்று வைத்தோம். செலவு கூடும் என்று எதிர்ப்பு வந்தது. கடையில் பார்த்ததை எழுதி, படங்களோடு கூட்டத்தில் வைத்தபோது எதிர்ப்பு குறைந்தது. களத்தில் பார்த்ததைப் பார்த்தபடியே கொண்டுவந்து வைப்பதைவிட வலுவான வாதம் டிசைனரிடம் கிடையாது.

அடுத்த கட்டம், மென்பொருள் தயாராவதற்கு முன்பே சேவையைச் சோதிப்பது. இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள், பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் மக்களுக்குப் பயன்படுமா என்று அறிய விரும்பினார்கள். அப்படி ஓர் இயந்திரத்தைச் செய்யும் திறன் அன்றைய கணினிக்கு இல்லை. அதனால் அடுத்த அறையில் ஒரு தட்டச்சரை உட்கார வைத்தார்கள். பேசுகிறவரின் திரையில் எழுத்துகள் வந்தன. இயந்திரமே கேட்டு எழுதுவதுபோல் இருந்தது. ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ முறை என்று இதற்குப் பெயர். நாங்களும் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தோம். வரும் கேள்விக்கு அவர் பதிலைத் தட்டச்சு செய்வார், செயற்கைக் குரல் அதை வாசிக்கும். சோதனை முடிந்ததும் பின்னால் இருந்தது யார் என்று வந்தவர்களிடம் சொல்லிவிடுவோம். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பதிவைப் பயன்படுத்தலாமா என்ற அனுமதியையும் அதற்குப் பிறகு மறுபடி கேட்க வேண்டும்.

அந்தச் சோதனையில் தெரிந்துகொண்டது, மாதக்கணக்கில் நிரல் எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது. முதலில், யாரும் எடுத்ததும் கேள்வி கேட்கவில்லை. கதை சொன்னார்கள். வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது, நாற்று யாரிடம் வாங்கியது, பக்கத்து வயலில் என்ன ஆனது என்று தொடங்கி, கேள்வி கடைசியில்தான் வந்தது. எங்கள் வரைபடமோ கேள்வி முதலில் வரும் என்று வைத்துக்கொண்டிருந்தது. பேச்சில் சிறு இடைவெளி விழுந்ததும் பதில் சொல்லப் பாய்ந்தது. காத்திருக்கும் நேரத்தை நீட்டினோம். கதை கேட்கும் ஆள் ‘ம்’ கொட்டுவதுபோல் இடையிடையே ஒரு சின்ன ஒலியையும் சேர்த்தோம்.

அடுத்தது மௌனம். காத்திருப்பதற்கு மனிதர்களுக்கு உள்ள எல்லைகளைப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளிவந்த தன் நூலில் தொகுத்திருக்கிறார். 0.1 வினாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். திரைக்கு இது பொருந்துகிறது. தொலைபேசியில் எல்லை இன்னும் குறுகியது. இரண்டு மூன்று வினாடி ஒன்றும் கேட்கவில்லை என்றால் டெல்டாவில் எல்லாரும் ‘அலோ… அலோ…’ என்றார்கள். அந்த ‘அலோ’வைப் புதிய கேள்வியாக எடுத்துக்கொண்டு மென்பொருள் குழம்பும். பதிலைத் தேடும் நேரத்தில் ‘புகையான் பூச்சி பத்திக் கேட்டீங்க, பாத்துச் சொல்றேன்’ என்று குரல் சொல்லும்படி வைத்தோம். அதனால் இரண்டு நன்மை. லைன் உயிரோடு இருக்கிறது என்று தெரிகிறது. கருவி எதைக் கேட்டுக்கொண்டது என்பதும் தெரிகிறது. தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். குரல் சேவையோ சாட் சேவையோ செய்கிறவர்கள், கருவி புரிந்துகொண்டதை அது செயல்படுமுன் வெளியே சொல்ல வையுங்கள்.

மூன்றாவது அளவுகள். டெல்டாவில் நிலத்தை மாவிலும் குழியிலும் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். எங்கள் பதில்களோ ‘ஏக்கருக்கு இத்தனை கிலோ’ என்று இருந்தன. உரம் கிலோவில் வாங்கப்படுவதில்லை, மூட்டையில் வாங்கப்படுகிறது. யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்து 2018இல் 45 கிலோவாகக் குறைந்தது. டிஏபி மூட்டை இன்றும் 50 கிலோ. நாலு மா வைத்திருக்கும் ஒருவர் ‘ஏக்கருக்கு இத்தனை கிலோ’ என்பதைக் காதில் மட்டும் கேட்டுவிட்டு, வரப்பில் நின்றபடி மனக்கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை அவர் தலையில் ஏற்றியது வடிவமைப்பு. நிலம் எவ்வளவு என்று முதலில் கேட்டு, ‘உங்க நாலு மாவுக்கு இத்தனை மூட்டை’ என்று முடிக்கும்படி மாற்றினோம். நெல் ரகங்களும் இப்படித்தான். சி.ஆர். 1009 என்று எழுதியிருப்பதை ‘ஆயிரத்தொம்போது’ என்று மட்டும் சொல்வார்கள். பிபிடி 5204 ‘ஆந்திரா பொன்னி’ ஆகிவிடும். இந்தப் பட்டியலை எந்தத் தரவுத்தளத்திலிருந்தும் எடுக்க முடியவில்லை. உரக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினோம்.

இந்தச் சோதனைகளில் ஒருவரிடமும் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாரும் ‘நல்லா இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, “நல்லாத்தாம்மா இருக்கு. காப்பி சாப்புடுறியா?” என்றார். நான் அதற்குப் பதிலாகக் கேட்பது, “ஐயா, இப்ப அது என்ன செய்யச் சொல்லுச்சு? உங்க பையன்கிட்ட சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க” என்று. அவர் திருப்பிச் சொல்வதில் எது விட்டுப்போகிறது, எது மாறுகிறது என்பதுதான் சோதனையின் முடிவு. நோயாளி மருந்துச் சீட்டைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று பார்க்க மருத்துவத் துறையிலும் இப்படித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். செயலிகளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

மொழி மாதிரிகளோடு வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவை சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே உறுதியோடு சொல்கின்றன. மனிதர் தயங்கினால் குரலிலேயே தெரிந்துவிடும், இங்கே தெரியாது. பூச்சிக்கொல்லியின் அளவு போன்ற விஷயத்தில் இது உயிரோடும் பணத்தோடும் விளையாடுவது. அதனால் கேள்வியைப் புரிந்துகொள்ள மட்டும் மொழி மாதிரியை வைத்துக்கொண்டோம். மருந்து, அளவு, தெளிக்கும் நேரம் எல்லாம் வேளாண் ஆலோசகர்கள் எழுதிச் சரிபார்த்த பதில்களிலிருந்து மட்டும் வந்தன. அப்படிப் பதில் இல்லாதபோது ‘இது எனக்குத் தெரியல, ஆளைக் கூப்பிடச் சொல்றேன்’ என்று கருவி சொல்லும். இந்த ஒரு வரிக்காக நான் நிறைய வாதாடினேன். ‘தெரியவில்லை என்று சொல்லும் கருவியை யார் வாங்குவார்கள்?’ என்ற கேள்வி எல்லா நிறுவனத்திலும் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிறகுதான் விவசாயிகள் மற்ற பதில்களை நம்பினார்கள். நான் பார்த்தவரை அப்படித்தான்.

பணப் பரிமாற்றச் செயலிகளிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே கற்றதைச் சொல்ல அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டும். 1979 மார்ச் 28 அன்று த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கைப் பார்த்தவர்கள் அது மூடிவிட்டதாக நினைத்தார்கள். அந்த விளக்கு வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. மூடும்படி ஆணை போனதா என்பதைத்தான் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது, அணு உலையின் மையம் ஓரளவு உருகியது. பின்னர் அந்தக் கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் டான் நார்மனும் ஒருவர். பிற்பாடு 1990களில் ஆப்பிள் நிறுவனத்தில் ‘பயனர் அனுபவம்’ என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டவர் அவர்.

ஆணை போய்விட்டது என்பது வேறு, காரியம் முடிந்தது என்பது வேறு. ஒவ்வொரு பணத் திரையையும் வரையும்போது நான் இதைத்தான் பார்க்கிறேன். யுபிஐ 2016இல் வந்தது. அதில் உங்கள் வங்கி, பெறுபவரின் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, அதற்கு முன்னால் செயலி என்று பல கைகள் இருக்கின்றன. எங்கோ ஒரு கை பதில் சொல்லாதபோது, பணம் போயிற்றா இல்லையா என்று செயலிக்கே தெரியாது. பச்சை டிக்கும் இல்லை, சிவப்புக் குறியும் இல்லை. மூன்றாவதாக ஒரு நிலை. பெரும்பாலான குழுக்கள் இந்த மூன்றாவது நிலைக்கு ஒரு சுழலும் வட்டத்தையும் ‘செயல்பாட்டில் உள்ளது’ என்ற வரியையும் வைத்துவிட்டுப் போய்விடுகின்றன. மளிகைக் கடையில் பின்னால் வரிசை நிற்க, அந்த வட்டத்தைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? மறுபடியும் அனுப்புவார்.

அந்தத் திரையில் இருக்க வேண்டியவை நாலு: இப்போது பணம் எங்கே இருக்கிறது, மறுபடி அனுப்பலாமா கூடாதா, எந்தத் தேதிக்குள் திரும்பும், திரும்பாவிட்டால் எங்கே அழுத்த வேண்டும். தேதியைச் சொல்வதற்கு நமக்கு விதியே இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் பணம் பிடிக்கப்பட்டும் பெறுபவருக்குச் சேராத யுபிஐ பரிமாற்றம், தனிநபருக்கு என்றால் அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்கு என்றால் ஐந்து நாளுக்குள்ளும் திருப்பப்பட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்தத் தகவலை உதவிப் பக்கத்தின் அடியில் புதைத்து வைப்பதற்கும், ‘வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும்’ என்று அந்தத் திரையிலேயே நாளைக் கணக்கிட்டுச் சொல்வதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் இரவுத் தூக்கம் இருக்கிறது.

யுபிஐயில் இன்னொன்றும் கவனித்தேன். பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை வைத்து ஏமாற்றுவது நீண்ட காலம் நடந்தது. ‘உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். போட்டதும் பணம் வெளியே போகும். ‘பணம் பெற பின் தேவையில்லை’ என்று செயலிகளில் எச்சரிக்கை வைத்தார்கள், விளம்பரம் செய்தார்கள். கடைசியில் 2025 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியையே என்பிசிஐ நிறுத்தியது. எச்சரிக்கை வரிகளைச் சேர்த்துக்கொண்டே போகும் கூட்டங்களில் நான் இதை எடுத்துச் சொல்வதுண்டு. ஒரு திரைக்கு மூன்று எச்சரிக்கை தேவைப்பட்டால், அந்தத் திரை வேண்டுமா என்று கேட்கும் உரிமை டிசைனருக்கு இருக்கிறது.

இனிச் சில சிறு விஷயங்கள். தமிழ்த் திரையை ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் எழுத்தை மாற்றாதீர்கள். முதல் நாளே மிக நீளமான தமிழ் வரியைப் பட்டனுக்குள் வைத்துப் பாருங்கள். வரி இடைவெளியைக் கூட்டுங்கள். இல்லையென்றால் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘பூ’வின் வாலும் வெட்டுப்படும். பெயரை இடையில் செருகும் வரிகளில் வேற்றுமை உருபு உடையும். ‘முருகன்’ என்ற பெயரோடு ‘க்கு’ என்பதை நிரல் ஒட்டினால் ‘முருகன்க்கு’ என்றுதான் வரும். ‘பெறுபவர்: முருகன்’ என்று வரியைத் திருப்பி எழுதுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. வெயிலில், கீறல் விழுந்த கண்ணாடியில், பேட்டரிக்காக வெளிச்சத்தைக் குறைத்து வைத்த போனில் அது போதாது. மொட்டை மாடிக்குப் போய் நின்று பாருங்கள்.

அணுகல் என்பது இனிச் சட்டமும்கூட. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் சிமிட்டினால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும், அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சி திரை அந்த வழக்கின் மையத்தில் இருந்தது. கண் இமையே இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி, அந்தத் திரையை வரைந்த அறையிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

எத்தனை பேரிடம் சோதிப்பது என்று இளையவர்கள் எப்போதும் கேட்கிறார்கள். ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதியது பிரபலம். ஒரே விதமான பயனர்கள், சிக்கல்களைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம், திருத்திவிட்டு மறுபடியும் சோதிக்கப்போகிறோம் என்ற நிபந்தனைகளோடுதான் அது பொருந்தும். டெல்டாவில் சொந்த நிலக்காரர், குத்தகைக்காரர், நடவு வேலை செய்யும் பெண்கள் ஆகியோர் மூன்று தனிக் குழுக்கள். ஐந்து நிலக்காரர்களைப் பார்த்துவிட்டு விவசாயிகளைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நடவுப் பெண்களிடம் போன் பகலில் இருக்காது என்பதை, மாலை ஆறு மணிக்குமேல் அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டோம்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒரு விஷயம். புதுமைத் திட்டங்களில் பல, பைலட்டோடு நின்றுவிடுகின்றன. நிதி முடிகிறது, நிறுவனத்தின் முன்னுரிமை மாறுகிறது. கருவி நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். நாம் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவோம். அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டவர்கள் அங்கேயே இருப்பார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் திரையை வரையும் வாரத்திலேயே நிறுத்தும் திரையையும் வரைந்துவிடுகிறேன். எங்கள் டெல்டா சேவை சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் அழைத்தவர் ஒவ்வொருவருக்கும், இது எந்த மாதம் வரை நடக்கும் சோதனை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம். சம்பா பயிர் நிற்கும்போது நிறுத்தக் கூடாது, அறுவடை முடிந்த பிறகே நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தோம். நிறுத்திய பின்னும் அடுத்த பருவம் முழுவதும் அந்த எண் உயிரோடு இருந்தது. அழைத்தால், சேவை முடிந்துவிட்டதையும், அவர்கள் குரல் பதிவுகள் அழிக்கப்பட்டதையும், கிசான் கால் சென்டரின் எண்ணையும் அதே பழகிய குரல் சொல்லும். இதற்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். திட்டம் முடியும்போது கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.